தாயார்: இல்லை

காலை பதினொன்று பத்துக்கு அந்த வார்த்தையை எழுதினேன். நேரம் நிச்சயமாகத் தெரியும். பதிவாபீஸ் வராந்தாவில், நாங்கள் ஆதாரம் என்று சொல்லும் சொத்துப் பத்திரங்களை எழுதுகிறவரின் மேசைக்கு மேலே சுவர்க்கடிகாரம் தொங்கியது. பன்னிரண்டே காலுக்குக் குழித்துறைக்குப் பஸ். தவறினால் அடுத்தது நாலு மணிக்கு. இரண்டு வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே எழுதினேன்.

தர்ம உதவி கேட்கும் விண்ணப்பத்தில் ஐந்து பிள்ளைகளின் விவரம். நாலு பிள்ளைகளுடையதைத் தயங்காமல் எழுதினேன். ஐந்தாவது பிள்ளை என் மகள். 'தகப்பனார்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அது உண்மை, அவர் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. 'தாயார்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே பார்த்தேன். பதினொன்று பத்து.

ஆதாரம் எழுதுகிறவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். காலையிலிருந்து உதவி தரும் டிரஸ்டின் பத்திர நகலை எனக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான்.

"எழுதுங்க டீச்சர். ஒங்களுக்கு ஜீவன் ஒண்ணும் போகாது, மைதான் போகும்" என்றார்.

எழுதினேன். 'தாயார்: இல்லை.'

*

குழித்துறையில் ஆற்றுக்கு இறங்கும் பாதையில் ஒரு வாடகை வீடு. இளம்பிள்ளை வாதத்தில் கால் விழுந்த ஐந்து பிள்ளைகள் அதில் இருந்தார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் போனது. அவளை வைத்துத்தான் அந்த வீடு தொடங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கம்பவுண்டர் தினமும் வந்து பிள்ளைகளின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து, நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார். அதைப் பார்த்துவிட்டு மாமன்மாரும் சித்திமாரும் தாய் தகப்பன் இல்லாத நாலு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு சமையல்காரியும் உண்டு. எங்கள் தர்ம ஸ்தாபனம் என்பது இவ்வளவுதான். அதற்குச் செயலாளர் நான்.

கிழக்கே பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஐந்து பேரையும் பார்த்தார். என் மகளின் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பின்னால நரம்பு சுருங்கிட்டு வருது. இப்ப வெட்டி நீட்டி இரும்புச் சட்டம் போட்டா நிமிந்து நடப்பா. எலும்பு முத்திப் போச்சுன்னா கத்தி வச்சுப் பிரயோசனமில்ல. இந்த வருஷம் கழியப்பிடாது."

அவளுக்கு ஒன்பதரை வயது. அந்த ஒரு வருஷத்துக்குள் பணம் கண்டுபிடிக்க வேண்டும். என் சம்பளத்தில் முடியாது. சொந்தக்காரர்களிடம் கேட்டு முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது செத்தவர்களின் பணம். தர்மத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்களின் பணம்.

அதைத் தேடும் முறையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே ஒரு வழி கண்டேன். கல் படிப்பது. எங்கள் பக்கம் தர்மம் செய்தவன் பேரைக் கல்லில் வெட்டாமல் விடமாட்டான். படித்துறையில், கிணற்றுக் கட்டில், தண்ணீர்ப் பந்தலில், கோயில் மண்டபத் தூணில், சபைமணிக்குக் கீழே, ஆஸ்பத்திரி பெஞ்சின் முதுகில். சனிக்கிழமைதோறும் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவேன். திருவட்டாற்றுக் கடைத்தெருவில் ஒரு தண்ணீர்த்தொட்டி முன்னால் முழங்காலிட்டுப் பாசியைச் சுரண்டி ஒரு பேரைப் படித்தேன். தண்ணீர் எடுக்க வந்தவள், "அது மாடு குடிக்கப்பட்ட தொட்டியாக்கும் அக்கா" என்றாள். தாகத்தில் விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

நோட்டில் நாலு பத்தி. யார் கொடுத்தது, எந்தச் சொத்திலிருந்து, இப்போது யார் கையில், என்ன நிபந்தனை. நாலாவது பத்திதான் கஷ்டம். இருக்கிறவனுக்கு என்ன தேவை என்பதல்ல கேள்வி. செத்தவர் என்ன ஆசைப்பட்டார் என்பதுதான் கேள்வி. அவருடைய ஆசைக்குள் என் பிள்ளையின் கால் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லிலிருந்து பேரை எடுத்து, டீக்கடையில் வாரிசை விசாரித்து, வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பேன். சில இடங்களில் மோர் கொடுத்தார்கள்.

ஒருவர், தன் பாட்டனார் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட எழுதிவைத்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "நடக்கப்பட்ட ஆளுகளுக்குத்தான் இந்தச் சோறு. ஒங்க பிள்ளைகள நடக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க, டீச்சர். அப்பம் அதுகளும் வழிப்போக்கரு ஆவுமில்லா" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பணம் கேட்கப் போன இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்காரர். இரும்புச் சட்டம் என்றதும் அவர் முகத்தில் ஒரு யோசனை. "பெஞ்சுல எனக்க அப்பன் பேரு கிடக்கு. சட்டத்துல எங்க எழுதுவிய? காலிலயா?" இரும்புப் பட்டை ஒரு விரல் அகலம் இருக்கும், பேர் வெட்ட இடம் உண்டு என்று உடனே சொன்னேன். பொய்யில்லை, கொல்லனிடம் கேட்டே வைத்திருந்தேன். மகளின் காலில் இன்னொருவன் அப்பன் பேரை வெட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் யோசித்துவிட்டு, "உட்கார்ந்தா வேட்டி மறச்சுடும்" என்று எழுந்து போனார். என் மகளுக்கு வேட்டி ஏது என்று வழியில்தான் எனக்குத் தோன்றியது.

ஒரு இடத்தில் என்ன சாதி என்று கேட்டார்கள், அடுத்த இடத்தில் எந்தச் சபை என்று. எங்கள் தாலுகாக்கள் எந்தப் பக்கம் சேரும் என்று எங்கு பார்த்தாலும் பேச்சாயிருந்த நாட்கள். திருவனந்தபுரத்திலிருந்த ஒரு டிரஸ்டு, நீங்கள் இனி தமிழ்ப் பக்கம் போகிறவர்கள், அங்கே கேளுங்கள் என்று கார்டு போட்டது. திருநெல்வேலியிலிருந்த ஒன்று, நீங்கள் இன்னும் மலையாள ராஜ்யத்தில் இருக்கிறவர்கள், அங்கே கேளுங்கள் என்றது. இரண்டும் ஒரே தபாலில் வந்தன. கம்பவுண்டர் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "நடுவில ஆறு கிடக்கு, அதுகிட்ட கேப்போமா" என்றார்.

*

புதுக்கடையில் ஒரு கிணற்றுக் கட்டில்தான் அந்தப் பேரைக் கண்டேன். கருப்பட்டி வியாபாரத்தில் பெரிய ஆளாகிச் செத்தவர். பிள்ளையில்லை. மனைவி உண்டு, வெளியே வருகிறவரில்லை. டிரஸ்டை நடத்துவது ஒரு மானேஜர். அவர் ஆபீசுக்குப் போனபோது அச்சடித்த விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். யாருக்கெல்லாம் கொடுப்பீர்கள் என்றேன். "ஆதாரத்துல கிடக்கு. பதிவாபீசுல போய்ப் பாருங்க. இந்த மாசக் கூட்டத்துக்கு வரணும்னா புதன்கிழமை தபாலுக்குள்ள கிடைக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பதிவாபீசில் தேடுவது ஆளின் பேரை வைத்து அல்ல. எங்கள் பக்கம் ஒரே பேரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பேர். அதன் வரிசையில்தான் அங்கே புத்தகம் எழுதிவைத்திருந்தார்கள். கிணற்றுக் கல்லில் வீட்டுப்பேரும் இருந்தது. அதைச் சொன்னேன். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தார். 'தர்ம ஆதாரம்.' மனுவும் கட்டணமும் கொடுத்ததும் நகல் வந்தது.

வராந்தாவில் ஆதாரம் எழுதுகிறவர் அந்தப் பழைய கையெழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். வீடு, விளை, நாலெல்லை எல்லாம் போய் நிபந்தனைக்கு வந்தார். 'தாயும் தகப்பனும் இல்லாத, அங்கம் குறைந்த பிள்ளைகளின் சிகிச்சைக்கு.' அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எத்தனை கல், எத்தனை வாசல். கடைசியில் ஒரு செத்த மனிதர் எங்கள் வீட்டைப் பார்த்தே எழுதிவைத்தது போல ஒரு வரி. ஐந்தில் நாலு பிள்ளைகள் அதற்குள் அப்படியே பொருந்தினார்கள். பொருந்தாதது என் பிள்ளை. பொருந்தாததற்குக் காரணம், நான் உயிரோடு இருந்தது.

படித்து முடித்த நேரம், கட்டணத்துக்கு ரசீது கொண்டுவந்த குமாஸ்தா ஒன்று கேட்டார். இன்றைக்கும் அவர் குரல் காதில் இருக்கிறது.

"இது அவரு பொறந்த வீட்டுப்பேராக்கும். திருவட்டாத்துப் பக்கம். பொறவு புதுக்கடையில நெலம் வாங்கிக் குடியேறினாரு, அந்த வீட்டுக்குப் பேரு வேற. அந்தப் பேரிலயும் ஏதும் ஆதாரம் கிடக்கான்னு பாக்கணுமா? அதுக்கு வேற மனு. நாளைக்கு வரணும்."

இது எனக்குத் தெரியாத விஷயமா. என் வீட்டுக்காரருக்கே இரண்டு வீட்டுப்பேர். ஆனால் நாளை புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் நாள் லீவு கேட்க முடியாது. பன்னிரண்டே காலுக்கு பஸ். கையிலிருந்த நகலில் எல்லாம் இருந்தது.

"வேண்டாம். இது போதும்" என்றேன்.

அதற்கு அப்புறம்தான் மேசையில் குனிந்து எழுதினேன். தாளின் அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது. விவரத்தில் ஒன்று பொய்யென்று கண்டாலும் முழு உதவியும் நிறுத்தப்படும். அதற்குக் கீழேதான் என் கையெழுத்து. தபாலில் சேர்த்துவிட்டு பஸ்ஸையும் பிடித்தேன்.

*

பார்வையிட வருகிறோம் என்று மானேஜரிடமிருந்து கார்டு வந்தது. நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் என் மகளுக்குப் பாடம் நடத்தினேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டிலும் அப்படியே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் கெட்டிக்காரி. உடனே மற்றதையும் கேட்டாள்.

"அம்மை எங்கன்னு கேட்டா?"

"செத்துப்போச்சுன்னு சொல்லு."

"நீங்க செத்து எத்தன நாளாச்சு?"

"மூணு வருஷம்."

"அப்பா கூடயேவா?"

"ஆமா."

"எதுல செத்தீங்க?"

"காய்ச்சல்."

"அப்பம் நான் அழுதேனா?"

அழுதாய் என்றேன். அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது அவளுக்கு. சாப்பிடும்போது மறந்துபோய் "அம்மா, தண்ணி" என்றாள். தொடையில் கிள்ளினேன். நல்ல காலில் கிள்ளினேன். மற்றதில் கிள்ளினால் அவளுக்கு வலிக்காது என்று எனக்குத் தெரியும். மறுநாள் தூக்கத்திலிருந்து எழுந்து அம்மா என்றாள். அடித்தேன். மூன்றாம் நாள் இரண்டு தடவை. நாலாம் நாள் அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நல்ல டீச்சர் என்று எனக்குப் பேர் உண்டு.

மானேஜர் குடையும் தோல்பையுமாக வந்தார். கம்பவுண்டர் பிள்ளைகளை வரிசையாகப் பாயில் உட்கார வைத்திருந்தார். மானேஜர் விண்ணப்பத்தை எடுத்து ஒவ்வொரு பேராக ஒத்துப் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையும் அறையின் அந்த மூலைவரை தவழ்ந்துபோய்த் திரும்ப வேண்டும் என்றார். ஐந்தும் தவழ்ந்தன. மூத்த பையன் முந்தப் பார்த்தான். "கொள்ளாம், இவன் பந்தயத்துக்கு ஆவான்" என்றார் மானேஜர். கடைசியாக என் மகள் வந்தாள்.

"ஒனக்க அம்மை எங்க மக்கா?"

"செத்துப்போச்சு."

"எதுல?"

"காய்ச்சலுல."

"அவளுக்க மொகம் ஓர்மையிருக்கா?"

இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நினைவிருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு."

"எப்படி இருப்பா? நல்லவளா?"

"அடிப்பா" என்றாள்.

"செத்தவளப் பத்தி அப்படிச் சொல்லப்பிடாது" என்றார் மானேஜர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்திருக்கியளா, இவளுக்க தள்ளைய?" என்றார்.

"பார்த்திருக்கிறேன்" என்றேன்.

"அடிக்கிறவளா?"

"கோபக்காரி" என்றேன்.

மானேஜர் ஏதோ குறித்துக்கொண்டார். சமையல்காரி அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். வேண்டுமென்றே போட்டாளா என்று நான் கேட்கவில்லை.

*

இரண்டு வாரத்தில் உதவி அனுமதியாகிவிட்டது. ஐந்து பேருக்கும் ஆபரேஷன், இரும்புச் சட்டம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம். பணத்தை எங்கள் கையில் தரமாட்டார்கள். மானேஜரே கூட வந்து ஆஸ்பத்திரியில் கட்டுவார். அதனால் என்ன என்று நினைத்தேன். பிள்ளைகளை ஒரு வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். என் மகள் ஜன்னலோரம். நடக்கத் தொடங்கியதும் முதலில் எங்கே போவாய் என்று கம்பவுண்டர் கேட்டதற்கு, "ஆத்துக்கு எறங்கி நானே தண்ணி கோரி எடுப்பேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நாலு பிள்ளைகளின் சொந்தக்காரர்களும் வந்து காத்திருந்தார்கள். ஒரு மாமன், ஒரு சித்தி, ஒரு அண்ணன், ஒரு தாத்தா. எதற்கு வரச் சொன்னார்கள் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைக்கச் சம்மதம் என்று பிள்ளைக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும். மாமன் போட்டார். சித்தி பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். நாலும் முடிந்தது.

"இந்தக் குட்டிக்கு ஆரு போடணும்?" என்றாள் நர்ஸ்.

"அதுக்கு ஆருமில்ல" என்றார் மானேஜர்.

"டீச்சர் இருக்காங்களே" என்றது சித்தி. அவள் வெகுளித்தனமாகச் சொன்னாளா, எனக்கு ஒரு வழி காட்டினாளா, தெரியவில்லை.

"டீச்சர் போட முடியாது. ரெத்த சம்பந்தம் வேணும். இல்லாட்டி கோர்ட்டு உத்தரவு வேணும்" என்றாள் நர்ஸ்.

நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. என் மகள் மட்டும் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். நான்தான் அம்மை. ஆனால் மானேஜரின் தோல்பைக்குள் என் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. ஒன்று பொய்யென்று கண்டாலும் முழு உதவியும். நாலு பிள்ளைகளுக்கும் வெள்ளை உடுப்புப் போட்டாகிவிட்டது.

பேனாவை மூடினேன்.

"பயப்படாண்டாம். டிரஸ்டே கோர்ட்டுல மனு குடுத்து இதுக்கு கார்டியன் ஆயிடும். ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். மத்தது நாலும் நடக்கட்டு" என்றார் மானேஜர். நல்ல மனிதர் மாதிரிதான் சொன்னார்.

என் மகளைத் திரும்ப வேனில் ஏற்றினேன். "எனக்கு எப்பம் டீச்சர்?" என்றாள். பக்கத்தில் மானேஜர் இல்லை. சாலையில் யாருமே இல்லை.

*

நாலு பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வாய் திறக்காமல் இருந்தேன் என்று கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லிக்கிடுங்க. ஒறக்கம் வரும். ஆனா நான் கண்டது, நீங்க பயந்து பேடிச்சு நின்னதத்தான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த வாரம் தனியாக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்க அம்மான்னு நான் நம்புதேன். ஆனா பணம் கட்டுதது டிரஸ்டு. அவங்களுக்கு எழுதித் தெரிவிச்சுட்டு வாங்க, அன்னைக்கே செய்யுதேன்" என்றார். எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தபாலாபீஸ்வரை போனேன். நாலு பிள்ளைகளும் கட்டுப் போட்ட கால்களோடு இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இரும்புச் சட்டம் இன்னும் வரவில்லை. சட்டம் வரட்டும், பிறகு போடலாம் என்று திரும்பினேன். சட்டம் வந்தபின், கோர்ட்டுத் தேதி வருகிறதே, அதுவரை பார்ப்போம் என்றிருந்தேன். கடிதம் கல் படித்த நோட்டுக்குள்ளேயே கிடந்தது. கோர்ட்டுத் தேதி தள்ளிப்போனது. இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. அந்தப் பிள்ளைக்கு உரிமை கோருகிறவர் யாராவது உண்டா என்று கேட்டு ஊரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், கடைத் தூணில், தினமும் அதைக் கடந்துபோனேன். ஊரில் எல்லாருக்கும் அது யார் பிள்ளை என்று தெரியும். கடைக்காரர் ஒருநாள், "டீச்சர், இந்தப் பிள்ளைக்குச் சொந்தம் ஆராவது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, சில்லறையை எண்ணி வைத்தார்.

நாலு பிள்ளைகள் நடந்து வந்தார்கள். சிமெண்டுத் தரையில் இரும்பு படும் சத்தம் காலையிலிருந்தே தொடங்கிவிடும். மூத்த பையன் ஆற்றுக்கு இறங்கி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் மகள் முன்னால் வைத்தான். பெருமைக்காக அல்ல, அன்புக்காகத்தான். அவள் அதைக் காலால் தட்டிவிட்டாள். நல்ல காலால்.

மழை முடிந்து மறுபடி டாக்டரிடம் கொண்டுபோனேன். முழங்காலை நீட்டிப் பார்த்தார், அது நீளவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், அவள் கத்தினாள். விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். துடைத்துக்கொண்டே, "முத்திப் போச்சு. இனி வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, இனி டீச்சர் என்று கூப்பிட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"அம்மைன்னு விளி மக்களே."

"அவ செத்துப்போனால்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிறதுபோலச் சொன்னாள்.

*

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய வயதான ஒரு அம்மாள் டிரைவரின் கையைப் பிடித்து இறங்கினார். மானேஜர் வரவில்லை. ஒரு கூடைப் பழத்தைச் சமையல்காரியிடம் கொடுத்துவிட்டு, செத்துப்போன வியாபாரியின் மனைவி நான் என்றார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நாலு பிள்ளைகளும் சட்டத்தோடு நடந்து காட்டினார்கள். ஒவ்வொருவருடைய தலையையும் தொட்டார். பிறகு மூலையில் இருந்த என் மகளிடம் போய், மூச்சு வாங்க, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆரு மக்கா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"டீச்சர்."

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மடியிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். கோர்ட்டு நோட்டீஸ்.

"கடைத் தூணுல ஒட்டினது. ஒங்க ஊருக்காரன் ஒருத்தன் கருப்பட்டி கொண்டு வந்தப்பம் சொன்னான், டீச்சருக்கப் பிள்ளையாக்கும்னு. சத்தியமா?"

ஆமாம் என்றேன். நோட்டை எடுத்து, ஒட்டிய உறையைக் கொடுத்தேன். நாலு பிள்ளைகளின் பணத்தைத் திருப்பிக் கேட்டால் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், சட்டத்தை மட்டும் கழற்ற வேண்டாம் என்றேன். பதிவாபீசில் ஆதாரத்தைப் படித்துவிட்டுத்தான் அப்படி எழுதினேன் என்றும் சொன்னேன்.

"எந்த வீட்டுப்பேருல பாத்திய?" என்றார்.

கிணற்றுக் கல்லிலிருந்த பேரைச் சொன்னேன்.

அவர் உறையைப் பிரிக்கவில்லை. அதை என் மகளின் மடியில், மடங்கிப்போன முட்டின்மேல் வைத்தார்.

"அது பழைய ஆதாரம். சாகதுக்கு முந்தின வருஷம் எங்க புதுக்கடை வீட்டுப்பேருல திருத்தி எழுதினாரு. நான்தான் சொல்லி எழுத வச்சேன், தாய் தகப்பன் இருந்தாலும் செலவுக்கு வகையில்லாத்த பிள்ளைன்னா குடுக்கணும்னு. இருக்கேன்னு எழுதியிருந்தா அன்னைக்கே பணம் வந்திருக்கும், டீச்சர். ஆஸ்பத்திரியில கையெழுத்தும் நீங்களே போட்டிருக்கலாம்."